செம்மண்ணுக்கு எந்தச் சப்பாத்து? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஓஃப்-ரோட் ட்ரையத்லன் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். நீச்சல், மவுண்டன் பைக், மண்பாதை ஓட்டம் மூன்றையும் நடுவில் ஓய்வில்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக முடிக்கிற போட்டி அது. அதற்கு வந்த கடிதங்களில் நீச்சலைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு, சைக்கிளைப் பற்றிக் கேட்டவர்கள் அதைவிடக் குறைவு, எல்லோருக்கும் சப்பாத்துதான் பிரச்சினையாக இருக்கிறது. சரி, இந்த முறை முழுக்கச் சப்பாத்தே.

கேள்வி: அக்கா, மாமா மகன் துபாயிலிருந்து வரும்போது எனக்கு ஒரு ரன்னிங் சப்பாத்து கொண்டுவந்தார். நல்ல விலை, அடி தடிப்பாக மெத்தென்று இருக்கிறது. நானும் கூட்டாளிகளும் சேர்ந்து காசல்ரீ நீர்த்தேக்கத்துப் பக்கம் சின்ன அளவில் ஒரு ஓஃப்-ரோட் ட்ரையத்லன் செய்து பார்க்க நினைக்கிறோம். இதையே போட்டு ஓடலாமா, இல்லை மண்பாதைக்குரிய ட்ரெயில் சப்பாத்து என்று வேறொன்று வாங்கத்தான் வேண்டுமா?
– ஒரு இளைஞர், நோர்வூட்

பதில்: தம்பி, அந்தச் சப்பாத்தை ஹட்டன் ரோட்டில் ஓட வைத்துக்கொள்ளுங்கள். அது தார் ரோட்டுக்கென்றே செய்தது. திருப்பி அடியைப் பாருங்கள், கிட்டத்தட்ட வழவழவென்று இருக்கும். மழை பெய்த மறுநாள் தேயிலைக்குள் இறங்குகிற குறுக்குப் பாதையில் அதைப் போட்டால் நீங்கள் ஓடப்போவதில்லை, சறுக்கத்தான் போகிறீர்கள்.

கடையில் சப்பாத்துப் பார்க்கும்போது எல்லோரும் மறந்துவிடுகிற ஒரு விஷயம், இந்தப் போட்டியில் ஓட்டம் கடைசியில் வருகிறது என்பது. எக்ஸ்டெரா என்று ஒரு போட்டித் தொடர், 1996இல் ஹவாயில் மாவி தீவில் தொடங்கியது, இந்த விளையாட்டை உலகத்துக்குக் காட்டியதே அதுதான். அதில் வழக்கமான தூரம் ஒன்றரைக் கிலோமீற்றர் நீச்சல், 30 கிலோமீற்றர் அளவில் மவுண்டன் பைக், 10 கிலோமீற்றர் அளவில் ஓட்டம். உலக ட்ரையத்லன் அமைப்பு 2011 முதல் இதே வகைக்கு உலகச் சம்பியன்ஷிப் நடத்துகிறது, அங்கேயும் தூரங்கள் ஏறக்குறைய இப்படித்தான், ஓட்டம் 6 முதல் 10 கிலோமீற்றர் வரை. அதாவது நீங்கள் ஓடத் தொடங்கும்போது பாதம் ஏற்கனவே நனைந்திருக்கும், இரண்டு மணித்தியாலம் பெடல் மிதித்துக் கெண்டைக்கால் இறுகியிருக்கும், எங்கே கால் வைக்கிறோம் என்று பார்க்கிற கவனமும் பாதி போயிருக்கும். நீங்கள் சப்பாத்து வாங்குவது அந்தக் களைத்த காலுக்கு. கடையில் கண்ணாடி முன்னால் நிற்கிற காலுக்கு இல்லை.

இனி மண். நம் பக்கத்துச் செம்மண்ணில் களி அதிகம், காய்ந்தால் சிமெந்து மாதிரி, நனைந்தால் ஒரு பக்கம் வழுக்கும், மறுபக்கம் அடியில் அப்பிக்கொள்ளும். இதற்குத்தான் ட்ரெயில் சப்பாத்தின் அடியில் றப்பர் பற்கள் வைக்கிறார்கள். மூன்று மில்லிமீற்றருக்குக் குறைவான பல் என்றால் காய்ந்த, இறுகிய பாதைக்கு. நாலு, ஐந்து என்றால் பொதுவாக எல்லாவற்றுக்கும். ஆறுக்கு மேல் போனால் அது சேற்றுக்கென்றே செய்தது. பல்லின் உயரத்தை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள், பல்லுக்குப் பல் இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள். நெருக்கமாக இருந்தால் களி உள்ளே புகுந்து அடைத்துக்கொள்ளும், நூறு மீற்றர் ஓடுவதற்குள் பல் இருந்தும் இல்லாத மாதிரி, காலில் பாரம் வேறு. இடைவெளி அகலமாக இருந்தால் ஒவ்வொரு அடிக்கும் சேறு தானாகத் தெறித்துவிடும். குதிப் பக்கத்துப் பற்கள் முன்பக்கத்துக்கு எதிர்த்திசையில் திரும்பியிருந்தால் இன்னும் நல்லது, இறக்கத்தில் பிரேக் பிடிப்பது அவைதான்.

ஆனால் பாசி பிடித்த கல்லிலும் நனைந்த சிமெந்துப் படியிலும் பல் ஒன்றும் செய்யாது. சிவனொளிபாதமலைப் படிகளில் மழை நாளில் இறங்கியவர்களுக்குத் தெரியும். அங்கே காப்பாற்றுவது றப்பரின் மென்மை. நகத்தால் பல்லை அழுத்திப் பாருங்கள், கொஞ்சம் அமுங்கி மீண்டால் அது கல்லைப் பிடிக்கும், பிளாஸ்டிக் மாதிரி டக்கென்று நின்றால் பிடிக்காது. மென்மையான றப்பர் தார் ரோட்டில் சீக்கிரம் தேயும், அது அதற்குரிய விலை. அதனால் வீட்டிலிருந்து தோட்டத்து எல்லை வரை ரோட்டில் ஓடிப் போய்ப் பழகுகிற பழக்கம் இருந்தால் அந்தத் துண்டுக்குப் பழைய சப்பாத்தைப் போடுங்கள்.

எந்த மாதத்தில் ஓடுகிறீர்கள் என்பதும் இருக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை, ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் எல்லாம் அதற்கு நேர்முகம், அப்போது உங்களுக்கு ஆறு மில்லிமீற்றர் பல் கூட அதிகமில்லை. அதே ஜூலையில் பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் புழுதி பறக்கும், அந்தப் பாதையில் இந்த உயரமான பல் காலுக்குக் கீழே ஆடும், நாலு மில்லிமீற்றர் போதும். டிசம்பர், ஜனவரியில் வடகீழ் மழை வந்தால் கதை தலைகீழ், ஊவாப் பக்கம் நனையும், உங்கள் பக்கம் வெளிக்கத் தொடங்கும். ஒரே ஒரு சோடிதான் வாங்க முடியும் என்றால் ஐந்து மில்லிமீற்றர், அகல இடைவெளி, மென்மையான றப்பர். அதற்கு மேல் யோசிக்க வேண்டாம்.

மெத்தென்ற தடித்த அடி பற்றி ஒரு வார்த்தை. சமதரையில் அது சுகம். சாய்ந்த பாதையில், அதுவும் களைத்த காலில், உயரமான மென்மையான அடி கணுக்காலைப் புரட்டிவிடும். நிலத்துக்குக் கிட்ட இருக்கிற சப்பாத்தே நம் பாதைகளுக்குப் பாதுகாப்பு. அடி மெலிந்தால் கல் குத்தாதா என்று கேட்பீர்கள், குத்தும். கவ்வாத்து வெட்டிய மலையில் ஓடிப் பாருங்கள், வெட்டிப் போட்ட குச்சி ஒவ்வொன்றும் ஈட்டி. அதற்காக நடு அடிக்கும் வெளி றப்பருக்கும் இடையில் மெல்லிய பிளாஸ்டிக் தகடு வைத்த சப்பாத்துகள் இருக்கின்றன, ரொக் பிளேட் என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் சப்பாத்தின் முன்பகுதியில் அடியிலிருந்து கட்டைவிரலால் பலமாக அழுத்துங்கள், உள்ளே கை வைத்து அந்த அழுத்தம் எவ்வளவு தெரிகிறது என்று பாருங்கள்.

குதிக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வித்தியாசத்தை ட்ரொப் என்பார்கள். பூச்சியத்திலிருந்து பன்னிரண்டு மில்லிமீற்றர் வரை வரும். இணையத்தில் பூச்சிய ட்ரொப்தான் இயற்கை, அதுதான் நல்லது என்று பெரிய பிரசாரம் நடக்கிறது. இருக்கட்டும். ட்ரொப் குறையக் குறையக் கெண்டைக்காலுக்கும் குதிநாணுக்கும் வேலை கூடும், சைக்கிள் மிதித்து இறங்கியவருக்கு ஏற்கனவே வேலை கூடிப்போன இடம் அதுதான். நாலுக்கும் எட்டுக்கும் நடுவில் ஒன்றை எடுங்கள், இப்போது போடுகிறதற்கும் புதியதற்கும் வித்தியாசம் பெரிதாக இருந்தால் சில வாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. நீர்த்தேக்கத்தில் இறங்குவது என்றால் அனுமதி வாங்குங்கள், பக்கத்தில் வள்ளமும் நீந்தத் தெரிந்தவர்களும் மிதவையும் இருக்கட்டும். கரை திடீரென்று ஆழமாகும், தண்ணீர் குளிர், அடியில் என்ன கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சப்பாத்தை விட இது முக்கியம்.

கேள்வி: நுவரெலியாவில் எப்போதும் ஈரம். தண்ணீர் புகாத ட்ரெயில் சப்பாத்து வாங்கினால் என்ன? விலை கூட என்றாலும் பரவாயில்லை.
– நுவரெலியா வாசகர்

பதில்: விலையை விடுங்கள், சும்மா கொடுத்தாலும் ட்ரையத்லனுக்கு வேண்டாம். தண்ணீர் உள்ளே வராத சப்பாத்திலிருந்து தண்ணீர் வெளியேயும் போகாது. ஏரியிலிருந்து நனைந்த காலோடு வருகிறீர்கள், சைக்கிளில் ஓடையைத் தாண்டுகிறீர்கள், மழை காலில் வழிந்து மேலிருந்து உள்ளே இறங்குகிறது, எல்லாம் உள்ளேயே தேங்கிப் பாதம் ஊறி வெளிறிக் கொப்பளம் போடும். கால் நனையாமல் பார்ப்பது இந்த விளையாட்டில் நடக்காத காரியம், நனைந்த கால் சீக்கிரம் வடிய வேண்டும், அவ்வளவுதான். மேல்துணி மெல்லிய வலையாக இருக்கட்டும், நாக்கிலும் கழுத்திலும் பஞ்சு குறைவாக இருக்கட்டும்.

எவ்வளவு வடிகிறது என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. வீட்டுத் தராசில் காய்ந்த சப்பாத்தை நிறுங்கள், வாளித் தண்ணீரில் முக்கி எடுத்துப் போட்டுக்கொண்டு முற்றத்தில் ஐந்து நிமிடம் நடந்துவிட்டுத் திரும்ப நிறுங்கள். பாரம் பெருமளவு கூடியிருந்தால் அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டுதான் பத்துக் கிலோமீற்றர் ஓடப்போகிறீர்கள். குளிர் நாளில் நடக்கப் போகும்போது தண்ணீர் புகாத சப்பாத்து அருமை, அதை நான் மறுக்கவில்லை.

கேள்வி: மிஸ், நான் தோட்டப் பாடசாலையில் உடற்கல்வி ஆசிரியர். எங்கள் பிள்ளைகளில் பலர் வெறுங்காலோடுதான் மலையேறி ஓடுகிறார்கள், சப்பாத்துப் போட்டவர்களை விட வேகமாக. மூன்று நாலு பேருக்கு இந்தப் போட்டிகளில் ஆசை வந்திருக்கிறது. பணம் பெரிய பிரச்சினை. வெறுங்காலோடு விடலாமா? சிலர் ஃபுட்போல் பூட்ஸ் போடலாமா என்றும் கேட்கிறார்கள்.
– ஆசிரியர், பசறை

பதில்: சேர், அந்தப் பிள்ளைகளின் பாதம் ஒரு சொத்து. விரல்கள் விரிந்து நிலத்தைப் பிடிக்கிற அந்தப் பலம் சின்ன வயதிலேயே சப்பாத்துக்குள் அடைபட்ட காலுக்கு இலேசில் வராது. ஆகவே பழகும்போது புல்வெளியிலும் விளையாட்டு மைதானத்திலும் அவர்கள் வெறுங்காலோடு ஓடட்டும், தடுக்காதீர்கள். ஆனால் போட்டியில் முடியாது. உலக ட்ரையத்லன் விதிகளின்படி ஓட்டப் பகுதியில் சப்பாத்து இல்லாமல் ஓடக்கூடாது, மற்ற ஏற்பாட்டாளர்களும் பெரும்பாலும் இதே விதியைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அதோடு, மைதானம் வேறு, கான் வெட்டிய தேயிலை மலை வேறு. வெட்டுக் காயத்தோடு வயல் சேற்றிலோ தேங்கிய தண்ணீரிலோ கால் வைத்தால் எலிக்காய்ச்சல் வரக்கூடும். ஓடிய பிறகு ஓரிரு வாரத்துக்குள் காய்ச்சலும் உடல் வலியும் வந்தால் சேற்றில் ஓடியதை டொக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள், ஏற்பு ஊசி போட்டிருக்கிறார்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபுட்போல் பூட்ஸ் வேண்டவே வேண்டாம். அந்தக் குமிழ்கள் மென்மையான புல்தரைக்கு. கல்லில் ஏறினால் நாலைந்து புள்ளியில்தான் முழு உடம்பும் நிற்கும், வழுக்கும், கணுக்கால் திரும்பும், பாதத்தின் அடி நோகும்.

பணம் குறைவு என்றால் பெயர் பெற்ற ட்ரெயில் சப்பாத்தை மறந்துவிடுங்கள். உள்ளூர்க் கடையில் மெல்லிய றப்பர் அடியும் கொஞ்சமாவது பல்லும் உள்ள சாதாரண லேஸ் கட்டுகிற சப்பாத்து போதும், பிள்ளைகளின் கால் பலமானது, மெத்தை அவர்களுக்குத் தேவையில்லை. கன்வஸ் சப்பாத்து என்றால் பக்கவாட்டில், அடி ஒட்டுகிற இடத்துக்குச் சற்று மேலே, சூடான ஊசியால் சில துளை போட்டுவிடுங்கள், தண்ணீர் வடியும். ஒன்று மட்டும், வளர்கிற கால் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கிப் பஞ்சு அடைத்துப் போடுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது, பள்ளிக்கூடம் போய் வர அது சரி, இறக்கத்தில் ஓட அது ஆபத்து. அதற்குப் பதிலாகப் பாடசாலைக்கென்று வெவ்வேறு அளவில் சில சோடி வாங்கி வைத்து, போட்டிக்குப் போகிற பிள்ளைக்கு யாருக்கு எது சரியோ அதைக் கொடுங்கள். பழைய மாணவர்கள் யாராவது கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருந்தால் பணம் கேட்பதை விடச் சப்பாத்து கேளுங்கள், அளவைச் சென்றிமீற்றரில் எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: அக்கா, மவுண்டன் பைக்குக்கு ஒரு சப்பாத்து, ஓட இன்னொரு சப்பாத்து என்று மாற்ற வேண்டுமா? இரண்டையும் ஒரே ட்ரெயில் சப்பாத்தில் முடித்துவிட்டால் நேரம் மிச்சம் தானே?
– வாசகி, பண்டாரவளை

பதில்: முதல் போட்டி என்றால் ஒரே சப்பாத்து, தட்டைப் பெடல். இதில் தயக்கமே வேண்டாம். நம் மலைகளில் எப்படியும் சில ஏற்றத்தில் இறங்கிச் சைக்கிளைத் தள்ளப்போகிறீர்கள், தள்ளும்போதும் அந்தப் பல் உதவும். ஆனால் பெடலில் ஊசி மாதிரிச் சின்ன ஆணிகள் இருக்கும், அவை உயரமான பற்களுக்கு இடையில் எங்காவது மாட்டிக் கால் ஒரே நிலையில் நில்லாமல் திரும்பிக்கொண்டிருக்கும். மெத்தென்ற அடி என்றால் மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கு அந்த மெத்தையிலேயே போய்விடும், நீண்ட ஏற்றத்தில் பாதத்தின் நடு மரத்துப்போகும். ஆகவே ஒரே சப்பாத்தில் இரண்டும் செய்பவர் கொஞ்சம் விறைப்பான, பல் நடுத்தரமான சப்பாத்தைத் தேட வேண்டும். வலது கால் லேஸின் நுனியை உள்ளே செருகிவிடுங்கள் தங்கச்சி, அது சங்கிலியில் சிக்கினால் சைக்கிளோடு விழுவீர்கள்.

பழகிய பிறகு, வேகம் வேண்டும் என்றால், பெடலில் மாட்டிக்கொள்கிற கிளீட் என்ற சின்னத் துண்டை அடியில் பூட்டுகிற மவுண்டன் பைக் சப்பாத்துக்கு மாறலாம். ரோட் சைக்கிளுக்குரிய பெரிய கிளீட்டை வாங்கிவிடாதீர்கள், சேறு அடைத்தால் பூட்டவும் முடியாது, அதைப் போட்டு நடக்கவும் முடியாது. மவுண்டன் பைக்குக்குரியது இரண்டு திருகாணியில் அடியின் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கும். இருபது முப்பது கிலோமீற்றரில் அந்த விறைப்பான அடி கொடுக்கிற இலாபத்துக்கு முன்னால் சப்பாத்து மாற்றுகிற நேரம் பெரிய விஷயமே இல்லை, பழகினால் ஒரு நிமிடம் கூட ஆகாது. லேஸ் கட்டி நேரத்தை வீணாக்காமல் இழுபடுகிற லேஸ் போடுங்கள், அல்லது சலமோன் சப்பாத்துகளில் வருகிற மாதிரி ஒரே இழுவையில் இறுகுகிற மெல்லிய கயிறு. இழுபடுகிற லேஸைக் கடையில் கட்டித் தருகிற தளர்வில் விட்டுவிடாதீர்கள், ஏற்றத்தில் தெரியாது, இறக்கத்தில் பாதம் முன்னால் ஓடும்.

காலுறை போடாமல் ஓடுபவர்கள் உண்டு. பத்துக் கிலோமீற்றர் மண்பாதையில் நான் அதைச் சொல்லமாட்டேன், சப்பாத்துக்குள் மணல் போனால் தோல் உரிந்துவிடும். மெல்லிய செயற்கை நூல் காலுறை, பருத்தி வேண்டாம், சப்பாத்துக்குள்ளேயே பாதி சுருட்டி வைத்துவிடுங்கள், ஈரக்காலில் ஏறுவதற்கு உள்ளே கொஞ்சம் பவுடர். அப்புறம் ஹெல்மெட்: சைக்கிளை நிறுத்தி வைத்த பிறகுதான் அதன் பட்டியைக் கழற்றலாம். அவசரத்தில் கையில் சைக்கிள் இருக்கும்போதே கழற்றித் தண்டனை வாங்குபவர்கள் நிறைய.

கேள்வி: அட்டைக்கு என்ன வழி?
– பொகவந்தலாவை வாசகர்

பதில்: ஓடுகிறவரை அட்டை பிடிப்பது குறைவு, நின்று மூச்சு வாங்குகிறவரைத்தான் பிடிக்கும். அதனால் நிற்காதீர்கள்! சப்பாத்தின் வலைத்துணி வழியாகச் சின்ன அட்டை புகுந்துவிடும், நெருக்கமாக நெய்த நீளக் காலுறை போட்டு அதன் மேல் சவர்க்காரம் தேயுங்கள், சித்தாலேப பூசுகிறவர்களும் உண்டு, மழையில் இரண்டுமே கழுவுப்படும். கடித்துவிட்டால் பிய்த்து எடுக்க வேண்டாம், வாய் ஒட்டியிருக்கிற இடத்தில் நகத்தை வைத்துத் தள்ளுங்கள். அது இரத்தத்தை உறையவிடாத ஒரு பொருளைச் செலுத்துவதால் கொஞ்ச நேரம் வழியும், பார்க்கப் பயங்கரமாக இருக்கும், அவ்வளவுதான். ஓட்டம் முடிந்து சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

கேள்வி: எனக்கு இறக்கத்தில்தான் பிரச்சினை. லிப்டன் சீட்டிலிருந்து தம்பேதன்னைக்கு ஓடி இறங்கினால் பெருவிரல் நகம் கறுத்துவிடுகிறது. ஒரு அளவு பெரிதாக வாங்கினேன், அதிலும் அதேதான், குதி வேறு உரசுகிறது. என் பாதம் அகலம்.
– தாதியர், ஹப்புத்தளை

பதில்: அளவைக் கூட்டியதால் குதி தளர்ந்தது, குதி தளர்ந்ததால் பாதம் இன்னும் சுலபமாக முன்னால் ஓடுகிறது. உங்களுக்கு நீளம் வேண்டியதில்லை, அகலம்தான் வேண்டும். நம் ஆட்கள் பலருக்கு, குறிப்பாகச் சின்ன வயதில் வெறுங்காலோடு அல்லது பாட்டாவோடு நடந்தவர்களுக்கு, முன்பாதம் விரிந்திருக்கும். வெளிநாட்டுச் சப்பாத்துகளில் பல ஒடுங்கிய காலுக்குச் செய்தவை. வெள்ளைத் தாளில் நின்று பாதத்தைச் சுற்றி வரைந்து, சப்பாத்தின் உள்ளே இருக்கிற மெத்தையைக் கழற்றி அதன்மேல் வைத்துப் பாருங்கள். சின்ன விரல் மெத்தைக்கு வெளியே போனால் அந்தச் சப்பாத்து எந்த அளவிலும் உங்களுக்குச் சரிவராது. ஆல்ட்ரா மாதிரிச் சில நிறுவனங்கள் விரல் பக்கத்தை அகலமாகவே செய்கின்றன, ஆனால் ஆல்ட்ராவில் பல பூச்சிய ட்ரொப், மேலே நோர்வூட் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

அளவு பார்ப்பது பின்னேரத்தில், ஒரு நாள் முழுக்க நின்று வேலை செய்த பிறகு. வார்டில் நிற்கிற உங்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, மாலையில் கால் வீங்கியிருக்கும், போட்டியின் கடைசியிலும் அப்படித்தான் இருக்கும். ஓடுகிற காலுறையைப் போட்டுக்கொண்டு பாருங்கள். மிக நீளமான விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம், அது பெருவிரலாக இல்லாமல் இரண்டாம் விரலாகவும் இருக்கலாம். கடையில் படியோ சாய்வான வாசலோ இருந்தால் இறங்கிப் பாருங்கள், இறங்கும்போது விரல் முட்டினால் திருப்பிக் கொடுங்கள், தோல் சப்பாத்து மாதிரி இது பழகப் பழக நீளாது. எண்களை நம்ப வேண்டாம், யூகே எட்டும் யூஎஸ் எட்டும் ஒன்றில்லை, யூகேயில் ஒரு முழு அளவு என்பது எட்டரை மில்லிமீற்றர், ஐரோப்பிய எண்ணில் ஒன்று கூடினால் ஏழு மில்லிமீற்றர் கூட இல்லை. சென்றிமீற்றர்தான் பொய் சொல்லாதது.

லேஸுக்கு ஒரு வழி. மேலே, கணுக்காலுக்குக் கிட்ட, யாரும் பாவிக்காத ஒரு துளை இரண்டு பக்கமும் இருக்கும். லேஸை அதே பக்கத்துக் கடைசித் துளைக்குள் விட்டு ஒரு சின்ன வளையம் ஆக்கி, எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள் எடுத்து இழுத்துக் கட்டுங்கள். குதி பின்னால் பூட்டிக்கொள்ளும், முன்பாதத்தில் லேஸைத் தளர்த்தி விடலாம். முதலில் இதைச் செய்து பாருங்கள், ஒரு சதம் செலவில்லை. நகத்தை நேராக, கட்டையாக வெட்டுங்கள். இறக்கத்தில் குதியை ஊன்றிப் பின்னால் சாய்ந்து பிரேக் பிடிக்காமல் சின்னச் சின்ன அடியாக, வேகமாக இறங்கிப் பழகினால் நகத்துக்கும் நல்லது, முழங்காலுக்கும் நல்லது.

கேள்வி: கண்டியில் நடைபாதைக் கடைகளில் பெரிய பெரிய பெயர் போட்ட ட்ரெயில் சப்பாத்து பழையதாக, மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? போலி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– கம்பளை வாசகர்

பதில்: வாங்கலாம், அவசரப்படாமல். போலியா அசலா என்பது என்னைப் பொறுத்தவரை இரண்டாவது கேள்வி. அசல் சப்பாத்தே பத்து வருடம் எங்காவது கொள்கலனில் கிடந்து வந்திருந்தால் பிரயோசனம் இல்லை. நடு அடி பொலியூரித்தேனாக இருந்தால் ஈரக்காற்றில் அது உள்ளுக்குள்ளேயே உடைந்துகொண்டு வரும், பார்க்கப் புதிது மாதிரி இருக்கும், இரண்டாவது ஏற்றத்தில் அடி தனியாகக் கழன்று வரும். ஈவிஏ நுரையாக இருந்தால் உடையாது, இறுகிப்போயிருக்கும். பக்கவாட்டில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், சுருக்கம் சுருக்கமாக இருந்தால் அல்லது அமுங்கவே இல்லையென்றால் வைத்துவிடுங்கள். முன்னும் பின்னும் பிடித்து மடித்துப் பாருங்கள், விரல்கள் மடிகிற இடத்தில்தான் மடிய வேண்டும், நடுவில் மடிந்தால் அது ஓடுகிற சப்பாத்தே இல்லை. மேசையில் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள், ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் முன்பு போட்டவரின் நடை அதில் பதிந்திருக்கிறது, அதை நீங்கள் வாங்க வேண்டாம். ஒட்டுகிற விளிம்பை நகத்தால் நெம்பிப் பாருங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

ஒன்லைனில் வாங்குபவர்கள் அடிப்பக்கப் படம் போடாத விளம்பரத்தைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: ஓடிவந்த சப்பாத்தை மழைக்காலத்தில் காயவைக்க முடியவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் அம்மா ஏசுகிறார். எத்தனை காலம் ஒரு சோடியைப் பாவிக்கலாம்?
– மாணவர், தலவாக்கலை

பதில்: அம்மா ஏசுவது சரி. அடுப்புச் சூட்டில் பசை இளகும், நுரை சுருங்கும், ஒரு பருவத்திலேயே சப்பாத்து போய்விடும். சேறு ஈரமாக இருக்கும்போதே பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் பற்களுக்கு இடையில் தேய்த்து வெறும் தண்ணீரில் கழுவுங்கள், உள்ளே இருக்கிற மெத்தையைக் கழற்றித் தனியாக வையுங்கள், பத்திரிகைத் தாளைக் கசக்கி உள்ளே அடைத்து ஒரு மணித்தியாலத்தில் அந்த ஈரத்தாளை எடுத்துவிட்டு வேறு தாள் அடையுங்கள். பிறகு காற்று வருகிற இடத்தில் குதி மேலே இருக்கத் தொங்கவிடுங்கள். காலையில் முழுதாகக் காயாவிட்டாலும் போடலாம், ஓடத் தொடங்கினால் எப்படியும் நனையத்தான் போகிறது.

எத்தனை காலம் என்றால், ரோட் சப்பாத்துக்கு 500 முதல் 800 கிலோமீற்றர் என்று பொதுவாகச் சொல்வார்கள். நம் பாதையில் கிலோமீற்றரைக் கணக்குப் பார்க்க வேண்டாம், பல்லைப் பாருங்கள். பெருவிரலுக்கும் குதிக்கும் கீழே இருக்கிற பற்கள் பாதிக்கு மேல் தேய்ந்துவிட்டால் மழைக்கால இறக்கத்துக்கு அது முடிந்தது. வெயில் மாதத்தில் தோட்டத்து ரோட்டில் அதைப் போட்டு இன்னும் கொஞ்ச நாள் ஓடலாம், புதியதை மழைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.